பன்றிக்குத் தடுப்பூசி: கணினி எதுவரை உதவும்?

கோயில் ஊரான திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு பன்றியைப் பற்றிப் பேசுவதா என்று முகம் சுளிக்காதீர்கள் நண்பர்களே! இந்த ஊர் 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அந்த மாவட்டத்தில்தான், 1955-ல். அந்த வைரஸ் பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாகக் குழந்தைகளிடம் வருகிறது. அதனால் பன்றியின் நோய், பன்றி வளர்ப்பவரின் கவலை மட்டும் அல்ல.

சரி, பன்றியையே கொல்லும் வைரஸ்களுக்கு வருவோம். கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்கு நம் நாட்டில் பல ஆண்டுகளாக முயலை வைத்துத்தான் தடுப்பூசி தயாரித்தார்கள். ஒரு முயலைக் கொன்றால் சுமார் 50 டோஸ் கிடைக்கும். ஆண்டுத் தேவையோ 2.2 கோடி டோஸ். கிடைத்தது ஏறக்குறைய 12 லட்சம்! 2020-ல் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் செல் வளர்ப்புத் தடுப்பூசி வெளிவந்தது. அதற்கு முயல் தேவையில்லை.

அதே 2020-ல் அசாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தது. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளும் இதனால் செத்தன. இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பண்ணையில் வந்துவிட்டால், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை அழிப்பதுதான் வழி.

இங்கேதான் கணினி வருகிறது. இந்த வைரஸில் 150-க்கும் மேற்பட்ட புரதங்கள். எதைக் காட்டினால் பன்றியின் எதிர்ப்புச் சக்தி விழிக்கும்? ஒவ்வொன்றையும் தயாரித்துச் சோதித்தால் ஆயுள் போதாது. கணினி வைரஸின் மரபணு வரிசையைப் படிக்கிறது. பன்றியின் எதிர்ப்புச் செல்களில் உள்ள மூலக்கூறுகளோடு, பூட்டும் சாவியும் போல எந்தத் துண்டு பொருந்தும் என்று கணக்கிடுகிறது. பன்றியின் சொந்தப் புரதம் போல இருப்பதையும், வைரஸுக்கு வைரஸ் மாறிவிடுவதையும் கழித்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான துண்டுகள் சில டஜனாகச் சுருங்குகின்றன.

அவ்வளவுதானா? இல்லை. மனிதருக்கான மெனிங்கோகாக்கஸ் பி தடுப்பூசி இதே வழியில் பிறந்தது. அந்தக் கிருமியின் மரபணு வரிசை வெளியானது 2000-ல். ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது 2013-ல். நடுவில் 13 ஆண்டுகள்! வியட்நாமில் ஒரு மரபணுவை நீக்கிச் செய்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி வந்தது. 2022-ல் ஊசி போட்ட பன்றிகள் சில இடங்களில் செத்ததால் அதை நிறுத்திவைத்தார்கள். 2023-ல்தான் பரவலான அனுமதி கொடுத்தார்கள். கடைசித் தீர்ப்பு சொல்வது தொழுவம்தான், திரை அல்ல.

பி.காம் பாஷையில் சொன்னால், கணினி குறைப்பது தேடும் செலவை மட்டுமே. பாதுகாப்பான கொட்டகை, சோதனைப் பன்றிகள், வருடக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நாலைந்து பன்றி வைத்திருப்பவரின் பணத்தை நம்பி எந்தக் கம்பெனி இவ்வளவு முதல் போடும்? மூளைக்காய்ச்சல் போன்ற நோயில், பன்றியைக் காத்தால் பலன் பன்றியே வளர்க்காத வீட்டுக்கும் போகிறது. எல்லாருக்கும் பலன் தருவதற்கு எல்லாருடைய பணமும் வேண்டும். சாலைக்கும் குடிநீருக்கும் போல, இந்தச் செலவையும் அரசுதான் சுமக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி கொடுத்த பட்டியல் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே தங்கிவிடும். தொழுவத்துக்கு வந்து சேராது.