நான் காட்டிய பூச்சாண்டி

என் மகளுக்குச் சோற்றோடு பயத்தையும் சேர்த்தே ஊட்டினேன்.

வேலை விழுப்புரத்தில், வீடு திண்டிவனத்தில். ரயிலை விட்டு இறங்கி வீடு சேரும்போதே உடம்பு ஓய்ந்திருக்கும். பிள்ளை ஒவ்வொரு வாய்க்கும் அடம்பிடிப்பாள். சீக்கிரம் ஊட்டிவிட்டுப் படுக்க வேண்டும் என்ற என் அவசரத்துக்குப் பூச்சாண்டி உதவினான். அவன் பழகிப்போனதும் பாரதக் கதையில் வரும் அரக்கன் பகாசுரனைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகாசுரனுக்கான சோற்று வண்டி தெருவில் வரும். மற்ற பிள்ளைகள் அதன் பின்னால் ஓட, என் மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "சாப்பிடலன்னா உன்னயும் அந்த வண்டியில ஏத்திடுவாங்க" என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அதே பாரதத்தில் கடோத்கஜனும் இருக்கிறான். அரக்கிக்குப் பிறந்தவன், வனவாசத்தில் தளர்ந்து விழுந்த திரௌபதியைத் தூக்கிச் சுமந்தவன். 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் நடிகர் ரங்காராவ் அவனை எல்லோருக்கும் பிடித்தவனாக்கிக் காட்டினார். அந்தக் கதையை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. சிரிக்கிற அரக்கனால் எனக்கு வேலை ஆகாது.

இதைவிட மோசமானதையும் செய்தேன். பகாசுரனுக்கும் அவள் மசியாத நாட்களில், விழுப்புரம் ஜங்ஷனில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களைச் சொல்லிப் பயமுறுத்தினேன். "சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாங்க." சிறுவயதில் எனக்கும் இதையே சொன்னார்கள். பொய் என்று நன்றாகத் தெரிந்த பிறகும், படித்து வேலைக்கு வந்த பிறகும், அதே பொய்யை என் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' பார்த்தோம். பீட் டாக்டர் இயக்கத்தில் பிக்சார் தயாரித்து 2001-இல் வெளிவந்த படம். அதில் வரும் பூதங்களின் ஊருக்குப் பிள்ளைகளின் அலறல்தான் மின்சாரம். இரவில் அலமாரிக் கதவு வழியாக வந்து பயமுறுத்தி, அலறலைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் பிள்ளைகளைக் கண்டு நடுங்குவதும் அவர்கள்தான். குழந்தை தொட்டாலே சாவு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பூ என்ற சின்னப் பெண்ணோ சல்லி என்ற நீலமயிர்ப் பூதத்தைப் பூனை என்று கூப்பிட்டு ஒட்டிக்கொள்கிறாள்.

நடுவில் ஒரு காட்சி. பயமுறுத்தும் வேலையைச் செய்துகாட்டச் சொன்னதும் சல்லி உறுமுவான். அவனை நம்பி வந்த பூ மிரண்டு அழுவாள். சுற்றியிருக்கும் திரைகளில் அவன் தன் முகத்தையே பார்ப்பான். அதற்கு மேல் என்னால் படத்தில் மனம் வைக்க முடியவில்லை. அலறலைவிடச் சிரிப்புக்குப் பத்து மடங்கு சக்தி என்று கடைசியில் அவர்கள் கண்டுபிடித்ததையும் பாதிக் கவனத்தில்தான் பார்த்தேன்.

படம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, அந்த மணிக்காரம்மாவும் நல்லவங்கதானா?"

நல்லவங்கதான், அம்மா சொன்னது பொய் என்றேன். தலையாட்டினாள். ஆனால் அடுத்த முறை ஜங்ஷனில் மணிமாலையோடு ஓர் அம்மா பக்கத்தில் வந்ததும் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் விலகிப் போனார். அவருக்கு இது புதிதல்ல என்பது அவர் போன விதத்திலேயே தெரிந்தது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

தமிழ்நாட்டு நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது. அதற்காக மகிழ்ந்தேன் என்று எழுத எனக்குத் தகுதியில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என் மகள் எழுந்து போயிருப்பாள். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தேன்.

பிள்ளையோடு ரயிலுக்குக் காத்து நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாசிமணி விற்பவர் வந்தால் ஒரு மாலை வாங்குங்கள். காசை உங்கள் பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.