பழவேற்காடு: படகுத்துறைக்குப் பின்னால் ஓர் ஊர்

சென்னைக்காரர்களிடம் பழவேற்காடு என்று சொன்னால் உடனே வருகிற பதில் நண்டு. அடுத்தது ஏரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் நேரே படகுத்துறைக்குப் போகின்றன. குழந்தைகள் தண்ணீரைப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் மீன் விலை கேட்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குள் வண்டி வீட்டுப் பக்கம் திரும்பிவிடுகிறது. வந்த வழியில் நானூறு ஆண்டுப் பழைய ஓர் ஊரைக் கடந்துதான் வந்தோம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

கார் இல்லாதவர்களுக்கும் இது தூரமில்லை. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்தில் இருபது கிலோமீட்டருக்குள்தான்.

முதலில் போகவேண்டியது டச்சுக் கல்லறைத் தோட்டம். குடும்பத்தோடு போய்ப் பார்க்கச் சுடுகாடா என்று பாட்டிமார் முகம் சுளிக்கலாம்; பிள்ளைகள் சுளிப்பதில்லை. நுழைவாயிலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. அதில் ஒன்றிடம் மணற்கடிகாரம் இருக்கிறது. ‘உன் நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று வருகிறவருக்கு நினைவூட்டுவது அந்தக் காலத்து ஐரோப்பியக் கல்லறைகளின் வழக்கம். உள்ளே கூர்நுனித் தூண்களும், ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் கற்பலகைகளும். பலகைகளில் டச்சு எழுத்துகள், குடும்பச் சின்னங்கள், ஓரமெங்கும் கொடியும் பூவுமாய் வேலைப்பாடு. எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியும். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் கணக்கில் இறங்கிவிடுவார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் இது. ஊரிலேயே ஒழுங்காகக் காப்பாற்றப்படுவதும் இதுதான்.

செத்தவர்களுக்குக் கிடைத்த கவனிப்பு கோட்டைக்குக் கிடைக்கவில்லை. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று 1610-இல் இங்கே கால் ஊன்றியவர்கள் டச்சுக்காரர்கள். 1613-இல் அவர்கள் கட்டிய கோட்டைக்கு ஜெல்ட்ரியா என்று பெயர். சென்னைப் பட்டினத்துக்கு ஆங்கிலேயர் வித்திட்டது 1639-இல்; அதற்கு ஒரு தலைமுறை முன்பே சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைமையிடம் பழவேற்காடு. இங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து தயாரித்தார்கள். சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணியைக் கப்பல் கப்பலாகத் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் இந்த ஊர்ப் பெயர்தான். துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களையும் விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். கல்லறைப் பலகைகளின் வேலைப்பாட்டைக் காட்டுகிற பெற்றோர் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

1690 வாக்கில் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் முழுக்க ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று ‘கோட்டை எங்கே?’ என்று கேட்டால் கை காட்டுவது முட்புதர் மண்டிய ஒரு மேட்டை. சுற்றிலும் அகழியின் தடம் தெரியும், அவ்வளவுதான். மதிலையும் பீரங்கியையும் எதிர்பார்த்துப் போகிற பிள்ளைக்கு ஏமாற்றம் நிச்சயம். முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அந்த ஏமாற்றத்தைச் சின்னப் பள்ளிவாசல் ஈடுகட்டும். அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் இருந்ததைவிட அந்தப் பொருளின் உயரமளவு கூடுதலாக நீண்டால் அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று என்பது கணக்கு. கைப்பேசியில் பாங்கு ஒலிக்கிற காலத்துக் குழந்தைகள் தங்கள் நிழலையே அடியளந்து பார்க்க இது போதும். தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுக்கொண்டு உள்ளே போவது மரியாதை. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பல, அரபு நாட்டுக் கடல் வணிகர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவை. அந்த வீட்டுப் பெண்கள் பனை ஓலையில் முடைகிற பெட்டிகள் சாயம் ஏற்றிய வண்ண வண்ண ஓலையால் ஆனவை. நண்டோடு ஒரு பெட்டியும் வாங்கினால் காசு சரியான கைக்குப் போகும்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது. கருங்கல் கோயில்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, செம்புரைக்கல்லில் கட்டிய விஜயநகரக் காலக் கோயில் புதிதாகத் தெரியும். ராமாயணக் காட்சிகள் இங்கே விரலளவில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. குனிந்து தேட வேண்டும். முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் குள்ளமானவர்கள்தான்.

ஏரிக்கு வருவோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது; பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் இந்தக் கரையிலிருந்தே புகைக்கோடு தெரியும். மீனவர்களுக்கோ அன்றைக்குக் கடலுக்குப் போகத் தடை. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அதிகம் பேர் கவனிக்காத காட்சி வேறொன்று. இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் குனிந்து நகர்கிறார்கள். இரு கைகளும் அடிச்சேற்றைத் துழாவுகின்றன. ஓலைப் பறியின் விளிம்பு பற்களுக்கிடையில். கையில் அகப்பட்ட இறால் நிமிராமலே பறிக்குள் விழுகிறது. வலையும் இல்லை, படகும் இல்லை. முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுந்த இடங்களில் வலை போடுவதற்கு மட்டும் பாடு என்ற முறை உண்டு. இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று மீனவக் குப்பங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. கரையில் ஓய்வாக இருக்கும் பெரியவரிடம் ‘ஐயா, இன்னிக்கு யார் பாடு?’ என்று கேட்டால் அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

அந்த முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டுப் போவதுதான் இன்று ஊரின் பெரிய கவலை. கடல்நீர் உள்ளே வராவிட்டால் இறாலும் வராது.

படகுச் சவாரி பற்றி ஒரு வார்த்தை. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார்கள். அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது ரகசியமாக அழைத்தால் போகாமல் இருப்பதே புத்தி. கடல்தான் பார்க்க வேண்டுமென்றால் பாலம் ஏறி லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் போகலாம். அங்கே கலங்கரை விளக்கமும் ஆளரவம் குறைந்த மணற்கரையும் உண்டு. அலை இழுக்கும், குளிக்க ஏற்ற இடமல்ல. பத்து மணிக்குள் நடையை முடித்துவிட்டால் வெயிலும் தொல்லை தராது, மீன் கடையில் நல்ல சரக்கும் மிச்சமிருக்கும்.