குடத்துக்குள்ளே கூட்டணி கிடையாது!

ஞாயிற்றுக்கிழமை லீவு வந்தால் சென்னை ஆபீஸ் ஆசாமிகளுக்குத் தெரிந்த ஊர்கள் மொத்தம் மூன்று. மகாபலிபுரம், வேடந்தாங்கல், கல்யாணம் நிச்சயமானவர்களுக்குக் காஞ்சிபுரம். உத்திரமேரூர் என்றால், 'ஸ்கூல் புக்ல வருமே, குடவோலை முறை, அஞ்சு மார்க் கேள்வி' என்பார்களே தவிர, நேரில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

போகலாம். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். ஜன்னல் சீட் கிடைத்தால் ஏரி, வயல், மறுபடியும் ஏரி. நடுநடுவே சுவர் விளம்பரங்கள். இந்தப் பக்கத்துச் சுவர்களுக்குக் கட்சி விசுவாசம் ஜாஸ்தி. ஒரு தடவை ஒரு கட்சிக்காரர் வெள்ளையடித்துப் பேர் எழுதிவிட்டால் அடுத்த தேர்தல் வரைக்கும் அது அவர் சுவர். உள்ளே குடியிருக்கிறவர் யாருக்குப் போடுவார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை மூட்டை கட்டிக்கொண்டுதான் உத்திரமேரூரில் இறங்கினேன். காலம் பூரா ஒரே கட்சி என்று இருக்கிற மனுஷன், இடைத்தேர்தல் வந்தால் மட்டும் ஏன் கணக்குப் போட ஆரம்பிக்கிறான்?

முதலில் கல்வெட்டைப் பார்த்துவிடுவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். தொல்லியல் துறை பராமரிப்பு. சின்னக் கோயில்தான், சுவர் பூராவும் எழுத்து. நீங்கள் தமிழில் எம்.ஏ. படித்திருந்தாலும் ஒரு வரி ஓடாது. பத்தாம் நூற்றாண்டுத் தமிழ், நடுவே கிரந்தம் வேறு. பராந்தகச் சோழன் காலத்தில், 919-ல் ஒரு தடவையும் 921-ல் மறுபடியும் ஊர்ச் சபை கூடிப் போட்ட தீர்மானங்கள். ரெண்டே வருஷத்தில் சட்டத் திருத்தம்! முதலில் வயது 30-லிருந்து 60 வரை என்றிருந்தது, பிறகு 35-லிருந்து 70 வரை என்று ஆனது. இளைஞர்களே, அன்றைக்கும் நமக்கு இடமில்லை.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. வரி கட்டும் நிலம் கால் வேலி இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், வேதம் தெரிந்திருக்கணும். பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர் என்பதால் மற்றவர்களுக்கும், பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இதைச் சொல்லாமல் 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மைக் பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் இதற்கும் நூறு வருஷம் முந்திய சபைக் கல்வெட்டு இருக்கிறது. குடத்தில் ஓலை போடும் சங்கதி அகநானூற்றிலேயே வருகிறது. ஆனால் இத்தனை விவரமாக ரூல்ஸ் எழுதி வைத்த ஊர் இதுதான். அதில் தகராறு இல்லை.

ரூல்ஸில் எனக்குப் பிடித்தது ஒன்று. பதவியிலிருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி நிற்க முடியாது. சரி, நியாயம். அவனுடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மைத்துனன், மாப்பிள்ளை என்று ஒரு கல்யாணப் பத்திரிகை நீளத்துக்குப் பட்டியல் போட்டு, இவர்களும் நிற்க முடியாது என்கிறார்கள்! இன்றைக்கு இதை அமல்படுத்தினால் வேட்புமனு வாங்குகிற அதிகாரி ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தவிர, கடந்த மூன்று வருஷத்தில் பதவியில் இருந்தவனுக்கும் இடமில்லை.

தகுதியான பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிப்பார். கையில் வேறு ஓலை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதாம். அப்புறம் அங்கிருக்கிற நம்பிமார் எல்லாரும் அதை வாங்கிப் படிக்கணும். இப்படி முப்பது பேர். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு, தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு. பதவி 360 நாள்.

கவனித்தீர்களா? இது ஓட்டு இல்லை, குலுக்கல்! கிரேக்க ஏதென்ஸிலும் பல பதவிகளுக்கு இப்படித்தான் சீட்டுக் குலுக்கினார்கள். யாரை ஜெயிக்க வைப்பது என்ற யோசனைக்கே வேலையில்லை. யாரைத் தோற்கடிப்பது என்ற யோசனைக்கு சுத்தமாக வேலையில்லை. 'நம்மாளு எப்படியும் தேறமாட்டான், அந்தாளு வந்துடக் கூடாது, அதனால இந்தாளுக்குப் போடுவோம்' என்று அந்தப் பையனிடம் போய் யார் சொல்வது? கோஷ்டியும் கணக்கும் உள்ளே வரக்கூடாது என்றே அந்தக் குடத்தை வைத்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கணக்கெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? டீக்கடையில்.

பக்கத்து கிராமத்திலிருந்து உரம் வாங்க வந்த ரெண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமன், மச்சான். மச்சானுக்கு முன்கையில் பச்சை குத்திய இரட்டை இலை, எம்.ஜி.ஆர். காலத்து ஐட்டம், கொஞ்சம் மங்கியிருந்தது. மாமன் உதயசூரியன். ஒரே வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், ஒரு தடவைகூட ஒரே சின்னத்துக்குப் போட்டதில்லையாம்.

"கண்ணை மூடிக்கிட்டு இலைதானாண்ணே?" என்றேன்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்."

"பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல?"

"அது வேற தம்பி!" என்றார் மச்சான், ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்ட மாதிரி.

அது வேறதான். 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்ட கிராமங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது ஒவ்வொருவர் கையிலும் நாலு சீட்டு. வார்டு மெம்பருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு பிங்க், ஒன்றிய கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் உண்டு. வெள்ளையிலும் பிங்க்கிலும் கிடையாது, பூட்டு, சாவி வகையறா. ஆகவே நம் மச்சான் பச்சையையும் மஞ்சளையும் இலைக்குக் குத்திவிட்டு, பிங்க்கைச் சூரியன் கட்சி மாமனின் தம்பிக்கு, சொந்தக்காரன் என்பதற்காகக் குத்தினார். வெள்ளைச் சீட்டு, தெருக்குழாய் ரிப்பேரானால் உடனே ஓடி வருகிற ஒரு ஆளுக்கு. ஒரே பூத், ஒரே மறைவு, அஞ்சு நிமிஷத்துக்குள் மூன்று விதமான மனுஷன்! இதில் எதுவும் துரோகம் என்று அவர் நினைக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இடைத்தேர்தல் பேச்சை எடுத்ததும் மாமன் முந்திக்கொண்டார். அவர் தங்கச்சி வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரம் டவுனில். மாப்பிள்ளை பரம்பரைச் சூரியன்.

காஞ்சிபுரம் கதை சுவாரஸ்யமானது. 2004 பார்லிமென்ட் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியையும் தி.மு.க. கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. மறு வருஷம், 2005 மே மாதம், காஞ்சிபுரத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் சட்டசபை இடைத்தேர்தல். ரெண்டிலும் ஜெயித்தது ஆட்சியில் இருந்த அ.தி.மு.க. அடுத்த வருஷம், 2006 பொதுத்தேர்தலில், காஞ்சிபுரம் மறுபடி தி.மு.க. கூட்டணிக்கு. மூன்று வருஷம், மூன்று திருப்பம்.

"நம்ம மாப்பிள்ளை என்ன பண்ணாரு?"

"இலைக்குப் போட்டேன்னு என்கிட்டயே சொன்னான் சார்! திட்டலாம்னு வாயைத் தொறந்தேன். 'ஆட்சிக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு மச்சான். எதிர்க்கட்சிக்குக் கொடுத்தா சட்டசபையில ஒரு நாற்காலி. ஆளுங்கட்சிக்குக் கொடுத்தா எங்க தெருவுக்கு ஒரு ரோடு'ன்னான். நான் வாயை மூடிக்கிட்டேன்."

"2006-ல?"

"மாம்பழத்துக்குப் போட்டான். தலைவர் சொல்லிட்டாரே!"

ஆமாம், 2006-ல் காஞ்சிபுரம் தொகுதி கூட்டணியில் பா.ம.க.வுக்குப் போயிருந்தது. யோசித்துப் பாருங்கள். பரம்பரைச் சூரியன்காரர், அடுத்தடுத்த ரெண்டு சட்டசபை ஓட்டில் சூரியனைத் தொடவேயில்லை! ஒன்று அவரே போட்ட கணக்கு, இன்னொன்று தலைவர் போட்டுக் கொடுத்த கணக்கு. முதலாவதற்கு மச்சானிடம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. ரெண்டாவதை யாரும் கேள்வி கேட்கவில்லை, அதற்குப் பேர் விசுவாசம். நம் ஊரில் கணக்கு ஓட்டு தப்பே இல்லை, மேலிடத்து அனுமதி வேண்டும், அவ்வளவுதான்! பா.ம.க. வாக்காளர் பாடு இன்னும் சிரமம். 2001-ல் இலையோடு, 2006-லும் 2011-லும் சூரியனோடு, 2016-ல் தனியாக, 2021-ல் மறுபடி இலையோடு.

மேலிடம் கணக்குச் சொல்லாமல் விட்டுவிட்டால்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் 2024 ஜூலையில் இடைத்தேர்தல். அ.தி.மு.க. புறக்கணிப்பு என்று அறிவித்துவிட்டது. 2021-ல் அங்கே தி.மு.க.வுக்கு 93,730, பா.ம.க. துணையோடு அ.தி.மு.க.வுக்கு 84,157. இப்போது இலைக்காரர்கள் வீட்டில் படுத்துத் தூங்கினார்களா? பதிவானது 82 சதவீதத்துக்கும் மேல்! தி.மு.க.வுக்கு 1,24,053, பா.ம.க.வுக்கு 56,296. எந்த வீட்டு ஓட்டு எந்தப் பக்கம் போனது என்று மெஷினைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களுக்கு, இலைக்காரர்களில் கணிசமானவர்கள் ஜென்ம எதிரி என்று சொல்லப்பட்ட சூரியனில் விரலை வைத்தார்கள் என்றுதான் தோன்றும். ஏன்? ஆளுங்கட்சி என்பதாலா, பா.ம.க. வரக்கூடாது என்பதாலா? அவரவர் தெருவைப் பொறுத்த பதில்.

ஆர்.கே. நகரில் இது வேறு திசையில் நடந்தது. பணப் பட்டுவாடா புகாரில் 2017 ஏப்ரலில் தேர்தலே ரத்தாகி, டிசம்பரில் நடந்தது. குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2016-ல் அங்கே 57 ஆயிரம் சொச்சம் வாங்கிய தி.மு.க. 24,651-க்கு இறங்கி டெபாசிட் இழந்தது. ஆளுங்கட்சியைத் தோற்கடிக்க எது நல்ல ஆயுதம் என்று பார்த்து சூரியன்காரர்கள் பலர் குக்கரை எடுத்தார்கள் என்று அப்போது பேச்சு.

வெள்ளைக்காரர்கள் இதில் நமக்கு ஒன்றும் சளைத்தவர்களில்லை. 2022 ஜூன் 23 அன்று இங்கிலாந்தில் ஒரே நாளில் ரெண்டு இடைத்தேர்தல். டிவர்ட்டன் - ஹானிட்டன் தொகுதியில் கன்சர்வேடிவ் கட்சியின் 24 ஆயிரம் மெஜாரிட்டியைத் தவிடுபொடியாக்கி லிபரல் டெமாக்ரட் ஜெயித்தது. போன தடவை ரெண்டாவதாக வந்த லேபர் கட்சிக்கு டெபாசிட் காலி. வேக்ஃபீல்டில் லேபர் ஜெயித்தது, அங்கே லிபரல் டெமாக்ரட்டுக்கு டெபாசிட் காலி. கூட்டணி ஒப்பந்தம் கிடையாது, ஒரே மேடையில் கை கோத்து நிற்கும் போட்டோ கிடையாது. ஜெயிக்கக்கூடிய எதிரணி ஆள் யார் என்று மக்களே பார்த்து மாற்றிக் குத்திவிட்டார்கள். அங்கே மாமன் மச்சான் டீக்கடை இருந்திருந்தால், 'உன் கட்சிக்கு இங்க என் ஓட்டு, என் கட்சிக்கு அங்க உன் ஓட்டு' என்று ஒரு கிளாஸ் டீயில் முடிந்திருக்கும்.

வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலும் ஆள்கிறவனுக்குக் குட்டு வைக்க மாற்றிப் போடுகிறான். இங்கே ஆள்கிறவனிடம் காரியம் ஆக மாற்றிப் போடுகிறவனும் நிறைய. நம்மவனை மட்டமாகப் பேசுவதில் எனக்கு இஷ்டமில்லை. ரோடு இல்லாத தெருவில் குடியிருந்துகொண்டு கொள்கைக்கு ஓட்டுப் போடச் சொல்லி உபதேசம் செய்ய, ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருக்கிற நாம் யார்?

உத்திரமேரூர் தொகுதியே ஒரு சீசா பலகை. 1989-லும் 1996-லும் 2006-லும் தி.மு.க., நடுவே 1991, 2001, 2011-ல் அ.தி.மு.க. ஒவ்வொரு தடவையும் கோட்டையில் யார் உட்கார்ந்தார்களோ அந்தப் பக்கமே சாய்ந்தது. 2016-ல்தான் வழக்கம் முறிந்தது. கோட்டை அ.தி.மு.க.வுக்கு, உத்திரமேரூர் தி.மு.க.வுக்கு. 2021-ல் ரெண்டு பேருக்கும் வித்தியாசம் 1,600 சொச்சம்தான். நாலைந்து கிராமம் மனசு மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும்.

டீக்கடையை விட்டுக் கிளம்பி சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் மூன்று தளத்தில் பெருமாள், மேலே ஏறிப் பார்க்கலாம். அப்படியே ஏரிக்கரைக்கும். கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்று பேர். ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் காத்த ஏரி அது.

கிளம்புமுன் கேட்டேன்: "உங்க தொகுதியில இடைத்தேர்தல் வந்தா என்ன செய்வீங்க?"

மச்சான் முன்கையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மாமன் உர மூட்டையைத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார்.

"வேட்பாளரை அறிவிக்கட்டும் சார்" என்றார்கள் ரெண்டு பேரும், முதல் தடவையாக ஒரே குரலில்.