கரகர

2015. மயிலாடி வீட்டில் அப்பாவின் ரேடியோ திடீரென்று கரகரக்க ஆரம்பித்தது. பகலெல்லாம் கல்லும் உளியுமாக இருப்பவருக்கு ராத்திரி திருநெல்வேலி நிலையம் கேட்டால்தான் தூக்கம். 1984-ல் வந்த நாகர்கோவில் எஃப்.எம். மட்டும் தெளிவாக எடுத்தது.

“நீ புது பல்பு மாட்டினதுல இருந்துதான் மக்களே.”

“பெட்டிக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சுப்பா.”

அப்பா பேசவில்லை.

ஒருநாள் கரண்ட் போனது. பேட்டரியில் பாட்டு சுத்தமாக வந்தது! மலிவான எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சர்க்யூட், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடும். அந்த இரைச்சல் மத்திய அலையில் ஏறிக்கொள்ளும், எஃப்.எம்.மை அவ்வளவாகத் தொடாது.

உங்கள் வீட்டு ரேடியோ இரைந்தால் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

நான் பல்பைக் கழற்றினேன். இருட்டில் அப்பா வால்யூமைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.