வெள்ளிப் பூச்சுக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை செம்பூரில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் கீழே, தண்ணீர் பம்புக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறார் அந்த வங்கி அலுவலர். ஓய்வு பெற இன்னும் 2 ஆண்டுகள். எதிரே அவருடைய 1991 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. கையில் பிராஸோவும் பழைய பனியன் துணியும். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அலுமினியக் கால்களை முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்து வைத்திருக்கிறார். கட்டடத்துச் சிறுவர்கள் உண்மையிலேயே அதில் முகம் பார்க்கிறார்கள்.

அவரை உறுத்துவது இடது காலில் இருக்கும் ஒரு கோடு. விரல் நீளம். மகள் வண்டி பழகியபோது மதில் சுவரில் உரசியது. அதைப் போக்க 400 நம்பர் தண்ணீர் எமரி, பிறகு 800, 1200, கடைசியில் பாலிஷ் என்று மூன்று ஞாயிறுகள் போயின. அலுமினியம் மென்மையான உலோகம்; பொறுமை இருந்தால் வழிக்கு வரும். ஆனால் கம்பெனி பூச்சாக மேலே தெளிந்த வார்னிஷ் இருந்தால் முதலில் அதை உரித்தாக வேண்டும். உரிக்காமல் பாலிஷ் போடுகிறவர்கள் ஜன்னலின் வெளித் தூசியை உள்ளேயிருந்து துடைக்கிறவர்கள். கோடு மங்கியது. போகவில்லை.

மகளுடைய கவலை வேறு. தாணேயில் புது வேலை. அடுத்த வாரம் முதல் இந்த வண்டியில்தான் போவேன் என்று அறிவித்துவிட்டாள். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை, லாரிகள், மழை.

“பாபா, பிரேக் பிடிச்சா முன்னாடி தொப்புன்னு உட்காருது. கால்ல எண்ணெய் வழியுது.”

“பழைய வண்டி அப்படித்தான்.” பதில் தயாராக இருந்தது.

மகள் விடவில்லை. அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து குர்லாவில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனாள். அந்த மனிதர் கண்ணாடி போன்ற கால்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, காலுக்குள் ஏறி இறங்கும் குரோமியம் பூசிய எஃகுக் குழாயில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக இழுத்தார். நகம் சில இடங்களில் தடுக்கியது. பிறகு குழாயில் ஒரு மெல்லிய நூலைச் சுற்றி, காலோடு ஒட்டித் தள்ளி முடிச்சுப் போட்டார். முன் பிரேக்கைப் பிடித்து, வண்டியை ஓங்கி அமுக்கினார். நூல் மேலே நகர்ந்து நின்றது. ஆயில் சீல் எதுவரை போய் வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நூலுக்கு மேலே நாலைந்து துருப் புள்ளிகள். “இது வெறும் அழகு சமாச்சாரம். எண்ணெயைத் தொட்டுத் துடைங்க, போதும்.” நூலுக்குக் கீழே ஒரே ஒரு திட்டு, கடுகுகளை அள்ளி ஒட்டியது போல. அதன் மேல் வெள்ளிப் பெயிண்ட்.

“இதை யார் பூசினது, சாப்?”

சாப் பேசவில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மழைக்காலங்களுக்கு முன்பு பூசியது. மும்பையில் ஒரு மழைக்காலத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. கடற்காற்றில் உப்பு வேறு. குரோமியம் கண்ணுக்கு முழுச் சுவர் போலத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் எஃகைத் தொட்டுவிட்டால் துரு அடியில் வளர்ந்து பூச்சைத் தூக்கும். மேலே பெயிண்ட் அடித்தால் துரு மறையும், நிற்காது. பள்ளத்தின் கூரான விளிம்பு சீலின் ரப்பர் உதட்டை ஒவ்வொரு குலுக்கலிலும் அறுக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியேறும். துள்ளலை அடக்குவதே அந்த எண்ணெய்தான்.

“புது சீல் போட்டா சரியாகிடுமா, உஸ்தாத்?” என்று கேட்டுப் பார்த்தார்.

“இன்னிக்கே போட்டுத் தரேன். ரெண்டு மாசத்துல திரும்ப வருவீங்க. நடுவுல பொண்ணு பிரேக் பிடிக்கணும்.”

ஒன்றிரண்டு சின்னப் பள்ளமாக இருந்திருந்தால் துருவைச் சுரண்டி, எபாக்ஸியை நிரப்பி, ஓர் இரவு இறுக விட்டு, 2000 எமரியால் மட்டமாக்கிவிடலாம். எமரியைக் குழாயின் சுற்றுவாக்கில் ஓட்ட வேண்டும். நெடுக்காக ஓட்டினால் கீறல்களே எண்ணெய்க்கு வாய்க்கால். ஆனால் இந்தத் திட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இல் நின்றுபோனதால், பழைய உதிரிக் கடையில் நல்ல குழாய் தேடலாம், அல்லது இதையே ஹார்டு குரோமிங் செய்யலாம். பம்பருக்குப் போடும் அலங்கார முலாம் இங்கே உதவாது. பழைய பூச்சை நீக்கி, எஃகைக் கடைந்து, தடிமனாகப் பூசி, மறுபடி சரியான அளவுக்குக் கடைய வேண்டும். அந்தத் தொட்டியில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரகம். புகை யாருடைய மூக்கில் ஏறுகிறது என்பது நம் பேரங்களில் வருவதில்லை, அன்றும் வரவில்லை. 300 ரூபாய் குறைத்தார்கள்.

குழாய் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தார் மெக்கானிக். நேராகத்தான் இருந்தது. மகளின் கோட்டை அவரிடம் காட்டினார் தகப்பனார்.

“இதுவா? இதுல என்ன இருக்கு?” என்றார் அவர்.

வீடு திரும்பும்போது இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். பாதி வழிவரை பேச்சில்லை. பிறகு மகள் கேட்டாள்: “சுவத்துல இடிச்சதுக்கு ஒரு மாசம் திட்டினீங்களே, பாபா?” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. முதல் திங்கட்கிழமை மாலை நல்ல மழை. ஏழரை மணிக்கு அவள் நனைந்து வந்து சேர்ந்தபோது அவர் கீழே காத்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் குனிந்து, இரண்டு குழாய்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, ரப்பர் மூடியின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். எண்ணெய் இல்லை. பிராஸோ டப்பாவை அன்று அவர் கீழே கொண்டுவரவில்லை.