28 லிட்டர்

நம் வீடுகளில் சம்ப் என்றால் வாசலில் புதைத்த தண்ணீர்த் தொட்டி. ஏற்காட்டில் என்னிடம் இன்னொன்றும் உண்டு: கடல்மீன் தொட்டிக்கு அடியில், வழிந்துவரும் உப்புநீரை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டி. மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். பவளம் வைக்கவில்லை. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள், புலியைப் போலவே, வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில். "கிடைக்கும் சார்" என்று கிசுகிசுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கல்லும் கோமாளி மீனும் போதும்.

மலையில் மழை வந்தால் கரண்ட் போகும். அப்போது ஏற்றும் பைப்பே சைஃபனாகி மேல்தண்ணீரை இறக்கிவிடும். 4 அடிக்கு 1.5 அடி தொட்டியில் 2 அங்குலம் இறங்கினாலே 28 லிட்டர்! சம்ப்பில் அவ்வளவு இடம் காலியாக இருக்கணும். தடுப்பு வால்வை நம்பமாட்டேன், சுண்ணாம்பு படிந்து சிக்கிக்கொள்ளும். பைப்பில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்ன ஓட்டை போட்டேன். மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். ஓட்டையில் அடைக்கும் பாசியை மட்டும் அவ்வப்போது ஊசியால் குத்தி எடுக்கணும்.