அளத்தலும் அறிதலும்

ஒருகொடவத்தைச் சந்தியில் அரைமணி நேரம் நின்றவர்க்குக் கொழும்பு மாநகரின் பொருளாதாரத்தைப் பற்றித் தனியே ஒரு நூலைப் படிக்க வேண்டிய தேவை இராது. துறைமுகத்துக் கொள்கலன்களைச் சுமந்த பாரலொறிகளும், கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்குப் போய்வரும் பவுசர்களும், பேஸ்லைன் வீதியால் நகருக்குள் நுழையும் பேருந்துகளும் ஒன்றையொன்று நெருக்கியவாறு கடந்து செல்கின்றன. வடக்கே சிறிது தொலைவிற் களனி கங்கை ஓடுகின்றது. வீதிக்கும் கால்வாய்களுக்கும் இடையில் எஞ்சிய நிலத்தில் தகரக் கூரையும் சீமெந்துக்கல் சுவருமாகச் சிறு வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வீதியின் பயனைத் துய்ப்போர் கடந்து போய்விடுகின்றனர். அதன் புழுதியையும் இரைச்சலையும் ஏற்போர் அங்கேயே குடியிருக்கின்றனர். வீதி வேலைகளிற் சுற்றாடற் கண்காணிப்பு என்னும் துறை தோன்றியதற்கு இந்த ஏற்றத்தாழ்வே அடிப்படைக் காரணம் எனலாம்.

இப்பகுதியின் தோற்றம் அண்மைக் காலத்திற் பெரிதும் மாறியுள்ளது. 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதையின் வாகனங்கள் களனி கங்கையைக் கடக்குமிடத்திற் தேங்கி நின்றன. அத்தேக்கத்தைத் தீர்க்க யப்பானியக் கடனுதவியுடன் 380 மீற்றர் நீளமான புதிய பாலம் கட்டப்பட்டு, 2021 நவம்பர் 24ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அதன் மேம்பாதைகளுள் ஒன்று ஒருகொடவத்தைப் பக்கமாகவும் மற்றொன்று இங்குருகடைச் சந்திப் பக்கமாகவும் இறங்குகின்றன. ஆயின் இக்கட்டுரையில் வரும் இளைஞன் பணியாற்றியது அப்பெருந் திட்டத்தில் அன்று. பெரிய பாதைகளின் ஓரத்தில் எவரும் பெயர் கேளாமலே நடந்து முடியும் சிறு வீதி வேலைகள் பலவுண்டு. அவற்றுள் ஒன்றிலேதான் அவன் சுற்றாடல் உத்தியோகத்தனாக நியமிக்கப்பட்டான்.

அவன் யாழ்ப்பாணத்தான், விஞ்ஞானப் பட்டதாரி. கொட்டாஞ்சேனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாள்தோறும் வேலைத்தளத்துக்குப் போய்வந்தான். நியமனக் கடிதம் கிடைத்தபொழுது, மக்களுக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே நின்று நீதி சொல்லும் பதவி தனக்கு வாய்த்துவிட்டதாக அவன் எண்ணிக்கொண்டான். சட்டத்தை அவன் ஆர்வத்தோடு படித்திருந்தான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம். அதன்கீழ் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபை. பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1988ஆம் ஆண்டுத் திருத்தம். எவ்வெத் திட்டங்கள் அதற்குட்படும் என வரையறுத்த 1993ஆம் ஆண்டு வர்த்தமானி ஆகிய யாவும் அவனுக்கு மனப்பாடம். அந்த வர்த்தமானியின்படி 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலைகளே மதிப்பீட்டுக்குரியன. அவன் பணியாற்றிய வீதியின் நீளமோ அதிற் சிறு பங்கு. ஆகவே, ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டிருந்த சுற்றாடல் முகாமைத்துவத் திட்டம் என்னும் சில பக்கங்களே அவ்வீதியோரத்து மக்களுக்குக் கிடைத்த காவலாக இருந்தன.

அப்பக்கங்கள் கூறியவை எளியனவே. வேலை தொடங்குமுன் காற்று, ஒலி, கால்வாய் நீர் ஆகியவற்றின் நிலையை அளந்து பதிவுசெய்தல் வேண்டும். அருகிலுள்ள கட்டடங்களில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைப் படமெடுத்து வைத்தல் வேண்டும். வேலை நடக்கும்பொழுது மாதந்தோறும் மீண்டும் அளந்து, முதல் அளவோடு ஒப்பிடல் வேண்டும். முதல் அளவு இல்லையேல் பின்னைய அளவுகளுக்குப் பொருளே இல்லை. பாரலொறிகள் இரவு பகலாக ஓடும் இடத்தில், கேட்கும் இரைச்சலில் எது வீதியினுடையது, எது வேலையினுடையது என்று பிரித்தறிய வேறு வழி கிடையாது.

எல்லைகளும் தெளிவாகவே விதிக்கப்பட்டிருந்தன. 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கட்டுமான வேலையின் இரைச்சல் பகலில் 75 டெசிபலையும் இரவில் 50 டெசிபலையும் தாண்டலாகாது. டெசிபல் மடக்கை அளவாதலால், 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகும். ஆகவே பகலுக்கும் இரவுக்கும் விதி வகுத்த இடைவெளி முந்நூறு மடங்குக்கு மேற்பட்டது. நித்திரைக்கு இந்நாட்டுச் சட்டம் கொடுத்த மதிப்பு அவ்வளவு. புழுதியைப் பொறுத்தவரை, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் கனமீற்றருக்கு 100 மைக்கிரோகிராமைத் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்த அளவு அதிற் பாதிக்கும் குறைவானது: 45.

இளைஞன் தவறாமல் அளந்தான். மாதந்தோறும் ஒலிமட்டமானியை முக்காலியில் ஏற்றி, காற்றிலிருந்து காக்கும் கடற்பஞ்சு உறையை அணிவித்து, குறித்த இடங்களில் நிறுத்தினான். நீர் தெளிக்கும் பவுசர் நாளொன்றுக்கு எத்தனை முறை ஓடியது என்று குறித்தான். ஒவ்வோர் அறிக்கையின் இறுதியிலும் ‘அளவுகள் யாவும் விதித்த எல்லைக்குட்பட்டன’ என்று எழுதினான். அவன் எழுதியவற்றில் ஒரு பொய்யேனும் இருக்கவில்லை.

ஓராண்டு நிறைந்தபொழுது கணக்காய்வு வந்தது. கண்காணிப்பும் கணக்காய்வும் ஒன்றென மயங்குவோர் பலர். கண்காணிப்பு, எவ்வளவு என்று கேட்பது. கணக்காய்வு, சொன்னபடி செய்தீர்களா, அதற்குச் சான்று யாது என்று கேட்பது. முன்னது சுற்றாடலை அளப்பதாயின், பின்னது அளந்தவனையே அளப்பது.

கணக்காய்வுக்கு வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். எந்தக் கருவியையும் அவர் கேட்கவில்லை. இரண்டு புத்தகங்களை மட்டும் கேட்டார். ஒன்று இளைஞனுடைய அளவைப் பதிவேடு. மற்றது வேலைத்தளத்து நாட்குறிப்பு. இரண்டையும் மேசையில் அருகருகே விரித்து வைத்து, நேரங்களை மட்டும் விரலால் ஒப்பிட்டுக்கொண்டு போனார். பின்னர், “தம்பி, நீங்கள் அளந்தது எல்லாம் காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில். வேலை நடந்தது பெரும்பாலும் இரவிலல்லவா?” என்று அமைதியாகக் கேட்டார்.

அவனால் மறுமொழி கூற இயலவில்லை. பகலில் வாகன நெரிசல் ஏற்படும் என்பதால் வெட்டுவதும் உடைப்பதும் இரவிலேயே நடந்தன. கருவியை ஏற்றிச் செல்லும் வாகனமோ காலையில் மட்டுமே கிடைத்தது. அவன் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. வசதியான நேரத்தில் அளந்தான், அவ்வளவே. பன்னிரண்டு மாதத்து உண்மையான எண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தன. கூலியை ஒப்பந்தக்காரரிடம் பெறும் ஒருவன் அவருடைய வேலையையே அளக்க வேண்டியிருப்பது இம்முறையின் பெருங்குறை என்பர். உண்மைதான். ஆயின் அக்குறையினும் நுட்பமானதொன்று உண்டு. எவரும் வற்புறுத்தாமலே மனிதன் தன் வசதியின் பக்கம் சாய்கின்றான். அச்சாய்வை எந்தக் கருவியும் காட்டுவதில்லை.

அன்று மாலை கணக்காய்வாளர் வீதியோரமாக நடந்தார். இளைஞனும் உடன் சென்றான். கால்வாய்க்கரையில் ஒரு வீட்டு வாசலில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். அவருடைய முன்சுவரில் கூரையிலிருந்து தரைவரை விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதிர்வுருளை ஓடத் தொடங்கிய பின்னரே சுவர் பிளந்தது என்று அவர் சொன்னார். பதிவேட்டிலோ அவ்வீடே இல்லை. வேலைக்கு முன்னர் படமெடுக்கப்பட்டவை வீட்டிலக்கம் உடைய கட்டடங்கள். உறுதியும் இலக்கமும் அற்ற அந்த வீடு, கண்ணுக்குத் தெரிந்தபோதிலும் பட்டியலுக்குத் தெரியவில்லை.

“வேலைக்கு முதல் சுவர் எப்பிடி இருந்தது எண்டு காட்ட ஏதும் இருக்கா ஆச்சி?” என்று இளைஞன் கேட்டான். மூதாட்டி உள்ளே சென்று, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்தார். பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாளன்று எடுத்த படம். பலூன்களுக்கும் கேக்குக்கும் பின்னால் அதே சுவர் தெரிந்தது. இளைஞனின் முகம் மலர்ந்தது. அவன் தேடிய முதல் அளவு ஒரு குழந்தையின் பின்னால் இருந்தது. ஆயின் உற்றுநோக்கியபொழுது அம்மலர்ச்சி குன்றியது. சுவரின் மேற்பகுதியில், நூல் போன்றதொரு கோடு அப்பொழுதே ஓடியிருந்தது.

அவனுடைய மனம் அக்கணத்தில் இரு பக்கமும் இழுபட்டது. அந்நூலைக் குறிப்பிட்டால், வெடிப்பு முன்னரே இருந்தது என்று கூறி ஒப்பந்தக்காரர் கைகழுவக்கூடும். குறிப்பிடாவிடில், ஓர் ஏழைக்கு நன்மை கிடைக்கும். ஓராண்டுக் குற்றவுணர்வுக்கும் ஓரளவு பரிகாரமாகும். கணக்காய்வாளர் அவனுக்கு எதுவும் கூறவில்லை. இரவு அறைக்குத் திரும்பியவன் நெடுநேரம் விழித்திருந்து, இரண்டையும் எழுதினான். முன்னர் நூலளவாக மேற்பகுதியில் மட்டும் இருந்த வெடிப்பு, வேலைக்குப் பின்னர் விரலளவாகித் தரைவரை நீண்டுள்ளது என்பதே அவனுடைய வாசகம். அதன் கீழே, இரவு நேர அளவைகள் எடுக்கப்படவில்லை என்பதையும், இலக்கமற்ற வீடுகள் பதிவில் விடுபட்டன என்பதையும் தன் பிழைகளாகக் குறித்து ஒப்பமிட்டான்.

சில வாரங்களின் பின்னர் சுவரை இரும்புக் கம்பியிட்டுத் திருத்திப் பூச ஒப்புக்கொண்டார்கள். புதுச் சுவர் கட்டித்தர மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் ஒலிமட்டமானி இரவிலும் நின்றது. முதல் இரவிலேயே அளவு எல்லையைத் தாண்டியது. உடைக்கும் வேலையை முன்னிரவோடு நிறுத்த வேண்டியதாயிற்று. படத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்ற இளைஞன் அந்த நூலைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னான். மூதாட்டி சிரித்தார். “நூல் மாதிரி ஒன்னு முந்தியே இருந்திச்சுத்தான் தம்பி. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஆரு வந்து கேட்டாங்க?”

அவ்வினா அந்த மூதாட்டிக்கு மட்டும் உரியதன்று. தெற்கு அதிவேகப் பாதை வழக்கில், மதிப்பீட்டின்பின் மாற்றப்பட்ட வழித்தடத்தினால் நிலமிழந்தோரின் கருத்தைக் கேளாமை இயற்கை நீதிக்கு மாறானது எனக் கொண்டு, அவர்களுக்கு இழப்பீடு வழங்குமாறு 2004ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்கு முன்னரே, 1997இல், தன்யூப் ஆற்று அணை தொடர்பாக அங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையில் எழுந்த வழக்கிற் சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசராயிருந்த இலங்கையர் சி. ஜி. வீரமந்திரி, சுற்றாடல் தாக்க மதிப்பீடு தொடக்கத்தோடு முடிந்துவிடுவதன்று, திட்டம் இயங்கும் காலமெல்லாம் தொடரவேண்டியது என்று தனித் தீர்ப்புரையில் வலியுறுத்தினார். இலங்கையின் பண்டைக் குளங்களையும் அவர் அவ்வுரையில் எடுத்துக்காட்டினார். குளக்கட்டைக் கட்டியவர்கள் கட்டிவிட்டுப் போய்விடவில்லை. மாரிதோறும் அதனைச் சுற்றி நடந்து பார்த்தார்கள்.

நடந்து பாராமையின் விளைவைக் காண ஒருகொடவத்தையிலிருந்து நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அருகிலுள்ள மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு பல்லாண்டுகளாக எல்லார் கண்ணெதிரிலும் உயர்ந்தது. அயலவர் முறையிட்டவண்ணம் இருந்தனர். 2017 ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டன்று, அது வீடுகள்மீது சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அம்மேட்டின் ஆபத்தை உணர்த்த நுண்கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. முறையிட்டவரின் சொல்லைச் சான்றாக மதிக்கும் செவியே வேண்டியிருந்தது.

அந்த இளைஞன் இன்று வேறொரு வீதியிற் பணியாற்றுகின்றான். கருவியை இறக்குமுன்னர், வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்கின்றான். பின்னர் இலக்கமுள்ள வீடுகளையும் இலக்கமற்ற வீடுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, சுவர்களைப் படமெடுத்துக்கொள்கின்றான். நூல் போன்ற கோடுகளையும் அவன் விடுவதில்லை.